நான்கு பைட் பொய்

தார்த்து நகரத்தில் மார்ச். எமயோகி ஆற்றில்
பனிப்பாளம் உடைகிற ஓசை
எங்கள் நிலவறைக்கு எட்டாது.
இங்கே மின்விசிறிகள் மட்டும்தான்.
ஊர்வே கம்பளிக் கோட்டைக் கழற்றாமல்
சர்வருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்,
மூன்றாவது வாரமாக.

ஓர் இயந்திரத்துக்குள் இன்னோர் இயந்திரம்,
உடம்பில்லாதது.
உடம்பு உண்டென்று நம்பவைக்கப்பட்டது.
வெளியே இருப்பதை வீடு என்போம்,
உள்ளே இருப்பதை விருந்தாளி.
விருந்தாளியின் கையில்
நிஜமான பொருள் ஒன்றைக் கொடுக்கவேண்டும்:
தொட்டால் சுடுகிற ஒரு கிராஃபிக்ஸ் அட்டை.

கொடுத்தாள்.
விருந்தாளி கண் விழித்தது, திரை கறுத்தது,
செத்தது.

மறுபடி.
செத்தது.

பத்தொன்பது இரவுகள்
டிரைவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும்
வழிமறித்து, குறித்துக்கொண்டு, போகவிட்டாள்,
சுங்கச்சாவடியில் இருப்பவளைப் போல.
ஒரு விடியலில் என்னைத் தொலைபேசியில் எழுப்பி
"இது உண்மை பேசுகிறது" என்றாள்.
யார் என்றேன். "அட்டை."

முன்வாசலில் முகவரி கேட்டால்
பதில் சொல்வது வீடு,
விருந்தாளிக்கென்று புனைந்த முகவரி.
ஆனால் கொல்லைப்பக்கம் ஒரு சன்னல்,
எந்தக் கையேட்டிலும் இல்லாதது.
அங்கே எட்டிப் பார்த்தால்
அட்டை தானே வாய் திறந்து
உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது.
டிரைவர் அதை நம்பிப் போகிறது.
போன இடத்தில் விருந்தாளிக்குக் காலூன்ற நிலமில்லை.

பொய்யைத் தாங்கிக்கொண்டதுதான்.
இரண்டு பதில்களைத் தாங்கவில்லை.

பதினோரு வரி எழுதினாள்.
இந்த நிறுவனம், இந்த எண் என்றால்
அந்தச் சன்னலின் நான்கு பைட்டை மட்டும் பிடி,
முன்வாசல் சொன்ன பொய்யையே திருப்பிச் சொல்.
மேலே ஒரு குறிப்பு:
ஏன் என்று தெரியாது. இது இல்லாவிட்டால் சாகிறது.

சரிபார்ப்பவன் நான்.
நிறுவனத்தைக் கேட்டாயா என்றேன்.
கேட்டிருந்தாள். இரண்டு வரிப் பதில்,
அதில் ஒரு வரி வணக்கம்.
ஒட்டுப்போட்ட கோட் எனக்கு ஆகாது.
ஒரே ஒரு எண்ணுக்கு ஒரு தனிச் சட்டமா?
"இந்தக் குடும்பத்து அட்டை எல்லாவற்றுக்கும் போட்டுவிடு,
பார்க்க அழகாக இருக்கும்" என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு போட்டாள்.

மே மாதம் புது அட்டை வந்தது.
குடும்பம் அதே, எண் வேறு.
சதுப்பில் தோண்டிய மண்ணில்
மகரந்தத் துகள் எண்ணும் மால்லே
நாற்பதாயிரம் படங்களை ஏற்றிவிட்டு
சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள்.

அந்த அட்டையில் அந்த இடத்தில்
சன்னலே இல்லை.
அங்கே இருந்தது வெப்பமானி.

எவ்வளவு சூடு என்று விருந்தாளி கேட்டுக்கொண்டே இருந்தது.
எங்கள் பதினோரு வரி
முகவரி சொல்லிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை நிலவறையில்
கருகிய ரப்பர் வாசனை.
மால்லே வாசலில் நின்று, எத்தனை துகள் என்று கேட்டாள்.
எண்ணவில்லை என்றேன்.
அந்த மண் இனி இல்லை என்றாள், அமிலத்தில் கரைத்தாயிற்று.
படங்கள் இருக்கின்றனவே என்றேன்.
படங்கள் இருக்கின்றன என்றாள்.

ஊர்வே என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
பழைய எண்ணைத் திரும்ப வைத்தாள்,
பக்கத்தில் திருத்தப் பதிப்பின் எண்ணையும் சேர்த்தாள்.
பன்னிரண்டு வரி.
குறிப்பின் கீழே இன்னொன்று:
நான் பார்த்தது இந்த ஒன்றை. மற்றவற்றைப் பார்க்கவில்லை.

அதன் கீழே என் பெயரைப் போடச் சொன்னேன்.
எதற்கு என்றாள்.

நேற்று பழைய பொருள் கடையிலிருந்து மூன்றாவது அட்டை.
எண் அதே. பதிப்பைச் சொல்லும் ஸ்டிக்கரின் மேல்
யாரோ விலைச்சீட்டை ஒட்டியிருக்கிறார்கள்.
ஊர்வே அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து
நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டுகிறாள்.
நான் மூச்சு விடாமல் பார்க்கிறேன்.
முதல் எழுத்து தெரிகிறது.
இரண்டாவது, பசையோடு வந்துவிடுகிறது.